பழைய பேரிங்

"அண்ணே, டயர் மாத்தத்தானே பைக்கை விட்டேன்? ஏன் பேரிங்கையும் மாத்துனீங்க? பழசையே போட்டுடுங்க" என்றாள் தாமரை.

மலேசியாவின் கிள்ளானில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் கலியமூர்த்தி எரிச்சலானார். "அது தேஞ்சு போச்சும்மா. ஓடுறப்ப சக்கரம் லாக் ஆனா விழுந்துருவ லா!"

"மெதுவா ஓட்டிக்கிறேன். எனக்கு அந்தக் கரகரச் சத்தம் வேணும்."

"சத்தம் எதுக்கு?"

"படுக்கையில கிடக்குற மாமியாருக்கு. மகனோட சண்டை போட்டு, பேசியே ரெண்டு வருஷமாச்சு. ஆனா அந்தச் சத்தம் கேட்டு, அவரு வேலை முடிஞ்சு வந்துட்டாருன்னு தெரிஞ்சாத்தான் சாப்புடுவாங்க. நேத்து அந்தச் சத்தம் வரல, சாப்புடவே இல்ல."

"உன் புருஷனையே உள்ள போய்ப் பேசச் சொல்லேன்!"

"அவங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே அவரு தவறிட்டாருண்ணே. இன்னும் சொல்லல."

கலியமூர்த்தி பழைய இரும்புக் கூடையைத் தரையில் கவிழ்த்து, அந்தப் பேரிங்கைத் தேட ஆரம்பித்தார்.