சிங்காரத்துக்கு ஒரு கிளாஸ்

சர்க்கரைக் கட்டியைக் கிளாஸின் அடியில் வைத்து, அதன்மேல் பிட்டர்ஸைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டான் வினோத்குமார். ஒன்று, இரண்டு, மூன்று. மதுவில் சொட்டுக் கணக்கில் சேர்க்கும் சாறு, கப்பலிலிருந்து கொண்டுவந்த சின்ன பாட்டில். கசாயத்தைப் போலக் கசக்கும்.

வெள்ளைக் கட்டி மெல்லச் சிவந்து, நனைந்து, உட்கார்ந்தது.

"மாப்ள, அவருக்கு என்னா காதுவலியா, சொட்டு மருந்து ஊத்தற?" என்றார் அன்பரசு மாமா.

வாழையிலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, அவித்த முட்டை, வடை, ஒரு கட்டு பீடி. இலைக்கு நேரே மாலை போட்ட படத்தில் அப்பா சிங்காரம், கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையில் இருந்தார். நெஞ்சுவலியில் போய் இன்றோடு மூன்று வருஷம் ஆகிறது.

தாழங்குடாவில் அவர்கள் வீட்டில், குடித்தவருக்குக் குடித்ததையே படைப்பார்கள். போன இரண்டு வருஷமும் மாமா ஒரு குவாட்டர் பிராந்தியை மூடிகூடத் திறக்காமல் இலையோரம் வைத்தார். படையல் முடிந்ததும் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அப்போதெல்லாம் வினோத் கடலில் இருந்தான்.

இந்த வருஷம் லீவு ஒத்து வந்தது. நானே கலந்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

சிதம்பரத்தில் கேட்டரிங் படித்துக் கப்பலேறி ஏழு வருஷம். அங்கே என்ன வேலை என்று அம்மா சின்னம்மாள் கேட்டபோதெல்லாம் 'ஜூஸ் கவுண்டர்' என்றே சொல்லி வந்தான். பாரில் நிற்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாட்டிலை வைத்து இந்த வீட்டில் நடந்த சண்டைகளைக் கேட்டு வளர்ந்தவன் அவன். அப்பாவின் கையிலிருந்து பிடுங்கி அம்மா ஆற்றில் வீசியதைத் தெருவே நின்று பார்த்திருக்கிறது.

வியாழக்கிழமை மறுபடி கப்பல். அதற்குள் உண்மையைக் காட்டிவிட வேண்டும். வாயால் முடியாததைக் கையால் காட்டலாம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தத் திருப்பிய முகத்தோடு எட்டு மாதம் தண்ணீரில் எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை.

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அவள் பார்வை அவன் முதுகில் பட்டது.

வழக்கமாக இந்தக் கலவையை விஸ்கியில் செய்வார்கள். அப்பாவுக்காகப் பிராந்தி. அறுபது மில்லி அளந்து ஊற்றினான். பிறகு ஐஸ். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை டிபன் டப்பாவில் உறையவைத்து எடுத்த ஒரே கட்டி.

நீளக் கரண்டி கிளாஸின் உள்சுவரை ஒட்டிச் சுற்றியது. சத்தம் வரக் கூடாது, அதுதான் தொழில். ஐஸ் சுற்ற, பிராந்தி சுற்ற, மத்தியான வெளிச்சமும் அதற்குள் இறங்கிச் சுற்றியது. ஊதுபத்திப் புகை தாழ்ந்து வந்து எட்டிப் பார்த்தது. தூரத்தில் கடல் புரண்டு படுத்தது.

கடைசியாக ஆரஞ்சுத் தோல். கிளாஸின்மேல் பிடித்து முறுக்கினான். மீன் வாசனை நிறைந்த அந்த அறையில் ஒரு நொடி பழத்தோப்பு ஒன்று வந்து நின்றுவிட்டுப் போனது.

கிளாஸை இலையோரம் வைத்தபோது, அவன் கை தன்னையறியாமல் அதை இரண்டு விரலால் அப்பாவின் பக்கம் மெல்ல நகர்த்தியது. ஜூஸ் கவுண்டர்காரன் கை அப்படி நகர்த்தாது.

கற்பூரம் காட்டினார்கள். விழுந்து கும்பிட்டார்கள். பிறகு மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். போனவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போக ஐந்து நிமிஷமாவது தர வேண்டும்.

வாசலில் காயப்போட்ட வலைகளும், கவிழ்த்த படகும், தெருவும் வெயிலில் தண்ணீருக்கடியில் கிடப்பவை போல மெல்ல அசைந்தன.

அப்போது உள்ளே 'கிணிங்' என்றது.

ஐஸ் கரைந்து இடம் மாறியிருக்கும். தினமும் நூறு தடவை கேட்கிற சத்தம். ஆனாலும் வினோத் சட்டென்று திரும்பினான்.

"எடுத்துட்டாரு," என்றாள் அம்மா, சாத்திய கதவைப் பார்த்தபடி.

கதவைத் திறந்ததும் மாமா பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். அம்மா அதைத் தட்டிவிட்டாள். கிளாஸை அவளே எடுத்தாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தாள்.

முகம் சுளிக்கவில்லை. நாக்கில் நிறுத்தி, மெல்ல இறக்கினாள். முதல் தடவை குடிப்பவர்கள் அப்படிக் குடிப்பதில்லை என்று வினோத்துக்குத் தெரியும்.

"அக்கா!" என்றார் மாமா. "மச்சான் குடிக்கிறார்னு அத்தன பாட்டில ஆத்துல வீசுனியே..."

"குடிச்சாருன்னா வீசுனேன்? எனக்கு ஒரு மூடிகூட வெக்காம தனியாக் குடிச்சாருன்னு வீசுனேன்டா."

அம்மா இன்னொரு வாய் குடித்தாள். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி, உள்ளே மிதக்கும் ஐஸைப் பார்த்தாள். அப்புறம் மகனை.

"ஜூஸாம் ஜூஸு. ஏழு வருஷமா ஊருக்கெல்லாம் ஊத்தற. எனக்கு ஒரு நாளு வெச்சியாடா?"