மகள் வந்த காரியம்

பெங்களூரிலிருந்து மீனலோசினி ஒரு சிபியூவையும் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்திருந்தாள்.

“இதுல என்னம்மா வேலை?” என்றார் அப்பா நெல்லைநாயகம்.

“கம்ப்யூட்டர்ல சேமிச்ச பைல் திடீர்னு கெட்டுப்போகுதுப்பா. எங்க புரோகிராம்ல எங்கன தப்புன்னு தேடுதேன். ஆபீஸ்ல எவ்வளவு ஓட்டியும் அந்தத் தப்பு வரல.”

“வீட்டுச் சாப்பாடு சாப்பிடு. மண்டை தெளியும்.”

சாயங்காலம் தெருவில் கரண்ட் போனது. சிபியூ மட்டும் அணையவில்லை. மீனலோசினி அப்பாவைப் பார்த்தாள்.

“புது இன்வெர்ட்டர். நீ வந்திருக்கியேன்னு காலையில மாட்டச் சொன்னேன்.”

“எதுக்குப்பா? இங்கன மாதிரி மினுக்கி மினுக்கிக் கரண்ட் போனாத்தான் அந்தத் தப்பு வரும். அதுக்குத்தான் ஊருக்கே வந்தேன்.”

“எங்களப் பாக்கன்னுல்லா நெனச்சேன்,” என்ற நெல்லைநாயகம், எழுந்துபோய் இன்வெர்ட்டரை அணைத்தார்.