வாய் மூடிய இடங்கள்

சீனத் தொடரின் நாயகனுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் எட்வின் காலையில் வந்து பேசிவிட்டுப் போவான். நாயகிக்குப் பேசும் தாட்சாயணி மதியம் வந்து, அவன் குரலை ஹெட்போனில் கேட்டபடி தன் வசனங்களைப் பேசுவாள். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத எட்வின், நாயகன் வாயை மூடிக்கொண்டு பனியை வெறிக்கும் இடங்களிலெல்லாம், "சாப்டீங்களா? தொண்டை தேவலையா?" என்று அவளுக்காகப் பேசி வைப்பான். நாயகி சத்தமில்லாமல் அழும் இடத்தில் அவள், "தயிர்சாதம். இப்போ தேவல" என்று பதில் வைப்பாள். ஐம்பது எபிசோடுகளாக, இருவரும் கேட்டு முடித்தபின் இந்தக் குப்பையை வெட்டிக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் பிச்சாண்டிக்கு ஒருநாள் பொறுமை போயிற்று. அவள் வருவதற்குள், என்னவென்று கேட்டுக்கூடப் பார்க்காமல், அத்தனையையும் வழித்தெறிந்தார். மறுநாள் காலை, போர்க்களத்தில் நிற்கும் நாயகனுக்கு மூன்று நாள் பட்டினி கிடந்தவன் குரலில் பேசினான் எட்வின்.

"என்னய்யா உனக்குக் கேடு?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருந்தேன் சார். அவங்க பதிலே வைக்கல."

"இன்னொரு தரம் கேளேன்யா."

"தைரியம் வராது சார்."

மதியம் தாட்சாயணி மைக் முன் வந்து நின்றதும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிச்சாண்டி தலையிலடித்துக்கொண்டு தன் மைக்கை அழுத்தினார். "இதபாரும்மா. அந்த எட்வின் உன்னைக் கட்டிக்கிறேங்குறான். சம்மதமா இல்லையா, சொல்லித் தொலை."

அவள் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். தினம் நாற்பது தடவை அவர் அவளிடம் சொல்வதை, அவர் தொனியிலேயே சொன்னாள்: "ஃபீலே இல்ல சார். ஒன் மோர் போலாம்."

பிச்சாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார்.