கொண்டியில் தொங்கிய துண்டு

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்குள் போகிறவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுத்தான் போவான். துண்டு தொங்கினால் யாரும் கதவை மூடக்கூடாது.

எதிர்த்துப் பேசிய சீனியைப் பழிவாங்க, துண்டைப் பார்த்த பிறகும் தோட்டத்துக் கங்காணி அர்ச்சுனன் கொண்டியைப் போட்டான். காலையில் பிணம்தான் வெளியே வந்தது. "அது ஆள் இருக்கிற எடமா? காலின்னு நெனச்சேன்" என்றான். ஈப்போ நகரத்திலிருந்து விசாரிக்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். சீனியின் தகப்பன் உடையப்பன் அதே புகைக்கூடத்தின் வெளிப்புற அடுப்புக்குத்தான் விறகு போட்டுக்கொண்டிருந்தார்.

கருமாதிக்கு மறுநாள் கொண்டியில் சீனியின் சிவப்புத் துண்டு தொங்கியது. குழிக்குள் அவன் முகத்தில் போட்டு மூடிய துண்டு அது.

"யார்ரா உள்ள, கெழவா?"

"எனக்கென்னா தெரியும் கங்காணி? ஆள் இருக்கிற எடமில்லன்னு நீங்கதான சொன்னீங்க."

"நக்கலா? இழுத்துட்டு வாரேன் இரு."

தலைப்பாகையை அவிழ்க்கக் கங்காணிக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அப்படியே நுழைந்தான். சிவப்புத் துண்டைக் காணோம். கதவு மூடி, கொண்டி தானாக விழுந்தது.

உள்ளே இரண்டு பேர் இருமினார்கள். அதில் ஓர் இருமல் உடையப்பன் குழந்தையிலிருந்து கேட்டு வளர்த்த மகனுடையது.

கங்காணி கதவை இடித்தான். கிழவர் குனிந்து, பச்சை விறகாகப் பார்த்துப் பொறுக்கி அடுப்பில் வைத்தார்.