அவள் தட்டில் மட்டும் கீரை

“மறுபடியும் தழையா?”

தையல் தொழிற்சாலை கேன்டீனில், தட்டை டங்கென்று மேடைமேல் வைத்தாள் அந்தத் தையல்காரி. முன்னால் நின்றவளுக்கு உருளைக்கிழங்கு வறுவல். பின்னால் நிற்பவளுக்கும் அதுதான். இவளுக்கு மட்டும் ஒரு மாதமாகப் பசலைக்கீரை, அதுவும் தட்டு நிறைய.

“தழை இல்லம்மா, கீரை. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடு,” என்றார் சமையல்காரர்.

“கிழங்கு தீந்துபோச்சா?”

“இருக்கு. உனக்கில்ல.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதல் வாரம் அந்தக் கீரையை வாயில் வைக்க முடியாமல் துப்பினாள். அப்புறம் மத்தியானப் பசிக்கு வேறு வழியில்லாமல் தின்று பழகிவிட்டாள். பேசாமல் தின்றது தப்பு. அந்த ஆளுக்குக் குளிர்விட்டுப் போயிற்று.

“நான் என்ன மாடா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்.”

மேனேஜர் அறை மூன்றாவது மாடியில். எப்போதும் மாடிக்கு மாடி உட்கார்ந்து மூச்சு வாங்கி ஏறுகிறவள், அன்று விறுவிறுவென்று ஏறிப்போய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

மேனேஜர் சமையல்காரரைக் கூப்பிட்டு, ஏன் என்று கேட்டார். மனுஷன் வாயே திறக்கவில்லை. திமிர் என்று சொல்லி அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

மறுநாள் புது ஆள் அவளுக்கும் கிழங்கு போட்டான். ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள்.

அன்று சாயங்காலம், மாதம் ஒரு தடவை வரும் நர்ஸ் அவள் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். அளவைப் பார்த்ததும் நர்ஸின் முகம் மலர்ந்தது.

“தப்பிச்சே. போன மாசம் உனக்கு ரத்த அளவு ஒன்பதுதான். இந்தத் தடவையும் பத்துக்குக் கீழ இருந்தா உன்னை வீட்டுக்கு அனுப்பிடணும்னு மேனேஜர் உத்தரவு. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு வேற.”

“அப்புறம் எப்படிக்கா ஏறிச்சு?”

நர்ஸ் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போன மாசம் கையைச் சுட்டுக்கிட்டு மருந்து போட வந்தப்ப, உங்க சமையல்காரர் மேசையில இருந்த ரத்தம் கம்மியானவங்க பட்டியல்ல உன் பேரைப் பாத்துட்டார். என்ன குடுத்தா ரத்தம் ஏறும்னு கேட்டார். கீரையும் எலுமிச்சையும்னு சொன்னேன். நீ வெளியில சொல்லிடாதே. பாவம், அந்த மனுஷனுக்கு வேலை போயிடும்.”