முத்துப்பாண்டி இல்லாத குரூப்

“முத்துப்பாண்டிக்கு மட்டும் தெரியவே கூடாது” என்றான் கிளமெண்ட், குரலைத் தாழ்த்தி.

கப்பலூரில் அழகுராஜாவின் சின்ன ரப்பர் கம்பெனி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரஸ் மிஷின் டமார் டமாரென்று அடித்துக்கொண்டிருந்ததில், அவன் சொன்னது எதிரே இருந்த இரண்டு பேருக்குமே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அழகுராஜாவும் பேங்கில் வேலை பார்க்கும் லாசரும் செல்போன் மேல் குனிந்திருந்தார்கள். திரையில் நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே தங்க அறை, சாயங்காலமானால் விதவிதமாக ஒயின் ருசி பார்க்கலாம். கிளமெண்ட் எல்லோரையும் துரத்தித் துரத்தி ஏற்பாடு செய்த டூர் இது.

அழகுராஜா வீட்டில் ஷீரடி என்று சொல்லியிருந்தான். கிளமெண்ட் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மனைவி ஆன்சியிடம் மும்பையில் டிரெய்னிங் என்று சொல்லியாயிற்று. அதைச் சொன்னபோது அவனுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. முத்துப்பாண்டி விஷயம்தான் உறுத்தியது.

“இங்க பாரு மாப்ள, கிளாஸைச் சுத்தி மோந்து பாக்கணுமாம். ஒரு வாய் வச்சு நாக்குல உருட்டிட்டு, பக்கத்துல இருக்க கிண்ணத்துல துப்பிரணுமாம்” என்றான் அழகுராஜா.

“துப்புறதுக்கா அம்புட்டுத் தூரம் போறோம்? நீங்க துப்புங்கடா. உங்க பங்கையும் சேத்து நான் முழுங்கிக்கிறேன்.”

சொல்லிவிட்டுக் கிளமெண்டே சிரித்தான். லாசர் அடுத்த படத்துக்குத் தள்ளினான்.

காலேஜ் நாளிலிருந்து நாலு பேரும் ஒரு செட். ரெண்டு வருஷத்துக்கு முன்பு முத்துப்பாண்டி திடுதிப்பென்று குடியை நிறுத்திவிட்டான். ஏனென்று அவன் சொல்லவில்லை. டாக்டர் ஏதோ சொல்லிப் பயமுறுத்தியிருப்பார் என்று இவர்களும் கேட்கவில்லை.

நிறுத்தின பிறகும் கொஞ்ச நாள் கூடவே வந்து உட்கார்ந்து லெமன் சோடா குடித்துக்கொண்டிருந்தான். ‘அவன் கண்ணு முன்னாடி ஊத்துறது பாவம்டா’ என்று சொல்லி, அவன் இல்லாத புது வாட்ஸப் குரூப்பை ஆரம்பித்தது கிளமெண்ட்தான்.

கிளமெண்டின் போன் அடித்தது. முத்துப்பாண்டி.

“எங்க மாப்ள இருக்க?”

“ஸ்கூல்லடா. எக்ஸாம் டியூட்டி.”

பின்னால் மிஷின் டமாரென்றது. அந்தச் சத்தம் முத்துப்பாண்டிக்குத் தெரியாததா? அழகுராஜாவோடு கோயம்புத்தூர் வரைக்கும் போய் அந்த மிஷினை ஏற்றிக்கொண்டு வந்தவனே அவன்தான்.

“சரி மாப்ள, வேலையப் பாரு. சும்மாதான் கூப்ட்டேன்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்தும் அந்த ‘சும்மாதான்’ கிளமெண்டின் காதை விட்டுப் போகவில்லை. தட்டில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். ஏனென்று ஆன்சி கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடைக்குக் கிளம்பினான். உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு. வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி, தைரியத்துக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டான்.

மேலூர் ரோட்டில் முத்துப்பாண்டியின் டைல்ஸ் கடை. நண்பனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தவன், கிட்டே வந்ததும் ஒரு கணம் தயங்கினான். பிறகு தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தான்.

“பைக்லயா வந்த? வண்டி இங்கயே நிக்கட்டும் மாப்ள. போறப்ப நானே கார்ல கொண்டு வந்து விடுறேன்.”

இவ்வளவு பிரியத்தைக் கிளமெண்டால் தாங்க முடியவில்லை.

“மாப்ள, நேத்து நான் ஸ்கூல்ல இல்ல.”

“தெரியும்.”

“நாசிக் போறோம்டா. ஒயின் குடிச்சுப் பாக்க. உன்ட்ட மறைச்சுட்டோம். உன்னைய விட்டுட்டு ஒரு குரூப்பு வேற வச்சிருக்கோம். எல்லாம் என் யோசனைதான்.”

“அதுவும் தெரியும். லாசர் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டான்.” முத்துப்பாண்டி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொடுத்தான். “குடி.”

“ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்யிடா. உடம்புக்கு முடியாம நீ நிறுத்துன நேரத்துல கூட இருக்காம, உன்னைய ஒதுக்கிட்டோம். எம்புட்டுப் பெரிய துரோகம்!”

“எனக்கு உடம்புக்கு என்ன? நல்லாத்தான இருக்கேன்.”

“அப்ப டாக்டரு...?”

“எந்த டாக்டரும் ஒண்ணும் சொல்லல.”

கிளமெண்ட் நிமிர்ந்தான். “பெறகு யாரு சொல்லி நிறுத்துன? வீட்ல கனகாவா?”

முத்துப்பாண்டி வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்தான். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

“ஆன்சி தங்கச்சி. கடைக்கு வந்து, நீ இப்ப உக்காந்திருக்க எடத்துல உக்காந்து அழுதுச்சு.”

“ஆன்சியா?” கிளமெண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீ குடிக்கிறதுல அவளுக்கு என்னடா கஷ்டம்?”

“நான் நிறுத்துனா நீயும் நிறுத்திருவேனு நம்பி வந்துச்சு மாப்ள.”