ஆறு பந்தும் ஒரு பேனாக்கத்தியும்

"வலைக்குக் கட்டுற மிதவைன்னு எழுதிக்க சார். மீன்புடிச் சாமானுக்கு வரி இல்லியாமே," என்றான் தணிகைவேல்.

சுங்க அதிகாரி பட்டாபிராமன் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பொய் எழுதறதில்லை."

அவ்வளவுதான். மேஜைமேல் ஆறு பந்துகள் காற்றில்லாமல் சுருங்கிக் கிடந்தன. மேற்கு ஜெர்மனித் தோல்.

எழுபத்தைந்தாம் வருஷம். மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர், எங்கள் குப்பத்து மணலில் நாங்கள் ஹேண்ட்பால் ஆடுவதைப் பார்த்தார். பந்து, கந்தல் அடைத்த பழைய ஃபுட்பால். கோல், நாலு சவுக்குக் கழி. ஊருக்குப் போய் நல்ல பந்து அனுப்புகிறேன் என்றார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். இவர் அனுப்பிவிட்டார்.

அந்த மணலில் இப்போது ஹோட்டல் நிற்கிறது. போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் மாவட்டப் போட்டி. விதிப்படியான பந்து கொண்டுவராத அணியைச் சேர்க்க மாட்டார்கள். இது வெள்ளிக்கிழமை. டிரில் மாஸ்டர் பூவராகவன், தணிகைவேல், நான், மூவரும் முதல் பஸ்ஸில் பட்டணம் வந்திருந்தோம். கைகாட்டின இடத்தில் பஸ் நிற்கிற காலம் அது.

அதிகாரி தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். டென்னிஸ் இருந்தது. கிரிக்கெட் இருந்தது. எங்கள் ஆட்டம் இல்லை.

வாலிபாலா என்று கேட்டார். மாஸ்டர் இல்லை என்றார். வாயால் சொல்லிப் புரியவில்லை. எழுந்து, ஆபீஸ் நடுவில் மூன்றடி ஓடி, எகிறிக் குதித்து, இல்லாத பந்தை எறிந்து காட்டினார். குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பேர் எதுவானாலும் விளையாட்டுச் சாமான். ஆடம்பரம்," என்றார் பட்டாபிராமன்.

செருப்பில்லாமல் நின்ற தணிகைவேல் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான்.

பந்தின் விலையைவிட வரி அதிகம். கட்ட வழியில்லை. கட்டாவிட்டால் ஏலத்துக்குப் போய்விடுமாம்.

தணிகைவேல் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"வஞ்சிரக் கருவாடு சார். வூட்ல காய வெச்சது."

நெற்றி நிறைய நாமம் போட்ட மனிதரிடம் கருவாடு. அவர் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டாபிராமன் பொட்டலத்தையும் பார்த்தார், தணிகைவேலையும் பார்த்தார்.

"உன் தோப்பனார் என்ன பண்றார்?"

"கட்டுமரத்துக்குப் பாய் தைக்கிறாரு சார்."

"ம்."

உள்ளே போய் ஏதோ டைப் அடித்துக்கொண்டு வந்தார். இங்கிலீஷ் தாள். கையெழுத்துப் போடச் சொன்னார். பந்தைத் திருப்பி அனுப்புகிற தாள் என்று நினைத்து மாஸ்டர் படிக்காமலே போட்டார். மனசு விட்டுப்போயிருந்தது.

அப்புறம் அந்த ஆள் டிராயரைத் திறந்து பேனாக்கத்தியை எடுத்தார். ஒரு பந்தை மடியில் வைத்துக்கொண்டு அறுத்தார். அவசரமே இல்லை. மீன் அரிகிறவள்கூட அத்தனை நிதானமாக அரிய மாட்டாள். ஒன்று, இரண்டு, ஆறும். எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

தாளின் அடியில் சிவப்பு மையில் ஏதோ எழுதினார். முத்திரை குத்தினார். நகலை மாஸ்டரிடம் நீட்டினார்.

"இப்போ எடுத்துண்டு போங்கோ. கருவாட்டையும்."

வாசலுக்கு வந்ததும் தணிகைவேல் சொன்ன வார்த்தைகளைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். திருப்போரூர் தாண்டும்வரை திட்டினோம். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பியவர் திரும்பவேயில்லை.

குப்பத்தில் தணிகைவேலின் அப்பா சடையப்பன் பாயை விரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மூட்டையைக் கொட்டினோம். ஒரு பந்தை எடுத்தார். பிளந்த இடத்தில் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினார்.

"யார்றா அறுத்தது?"

"ஒரு பாவி, நைனா."

"பாவி இன்னாடா பாவி. நூல மட்டும் அறுத்துக்கீறான். தோல்ல ஒரு கீறல் இல்ல. உள்ள ரப்பரு முழுசா கீது. ஊசி ஓட்ட அப்டியே கீது. நாளிக்குள்ள தெச்சுக் குடுத்துர்றேன், போ."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்தார். அப்போதுதான் படித்தார். எங்களுக்கும் தமிழில் சொன்னார்.

இந்தப் பந்துகளை உபயோகத்துக்கு ஆகாதபடி அறுத்து, அறுத்த நிலையில் மதிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே மாஸ்டர் கையெழுத்து. அதற்கும் கீழே சிவப்பு மையில்: அறுந்த தோல். சுங்க வரி இல்லை.

தணிகைவேல் கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அது கிடக்கட்டும். ஆறில் ஒரு பந்து இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. தோல் வெடித்துவிட்டது. பாய் தைக்கிற நூல் விடவில்லை.

அந்த மனிதரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். போகவில்லை. பொய் எழுதமாட்டேன் என்றார், எழுதவில்லை.

முதலில் அறுத்தார். பிறகுதான் எழுதினார்.